அமெரிக்க மாநிலச் சட்டமன்றத்தில் பைக் ஓட்டுபவர்களுக்காகப் பேசுவது எப்படி?

அமெரிக்காவில் பைக் ஓட்டும் தமிழர்கள் கூடினால் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். நள்ளிரவில் சிவப்பு சிக்னல் பைக்கைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. நின்றுபோன கார் வரிசைக்கு நடுவே நகர்ந்தால் போலீஸ் டிக்கெட் கொடுக்கிறது; பக்கத்து மாநிலத்திலோ அதுவே சட்டப்படி சரி. "இதை யாராவது கேட்க வேண்டும்ப்பா" என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவோம். அந்த யாராவது நாமாகவே இருந்தால் என்ன என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பைக்குகளைத் திரட்டி, மாநிலச் சட்டமன்றம் கூடும் கேப்பிட்டல் கட்டடத்தைச் சுற்றி வந்தால் படம் நன்றாக வரும். ஆனால் மசோதாவின் தலையெழுத்து எழுதப்படுவது சட்டமன்றக் குழு கூடும் ஒரு சிறிய அறையில். அங்கே உட்கார்ந்திருக்கும் பத்துப் பதினைந்து பேரில் இரண்டு மூன்று பேருக்காவது தங்கள் தொகுதியில் வண்டி ஓட்டும் ஒருவரை முகம் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும். வேலையெல்லாம் அதற்காகத்தான்.

ஏன் மாநில அரசு?

சாலை விதிகள், லைசென்ஸ், ஹெல்மெட், இன்சூரன்ஸ் எல்லாம் மாநிலத்தின் கையில். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு பெரும்பாலும் பணத்தைக் காட்டித்தான் மாநிலங்களை வளைக்கும். 1966ல் அப்படித்தான் நடந்தது. எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் சட்டம் கொண்டுவராத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் கை வைப்போம் என்றது புதிய சாலைப் பாதுகாப்புச் சட்டம். 1975க்குள் 47 மாநிலங்கள் வழிக்கு வந்துவிட்டன. பைக் ஓட்டுபவர்கள் அமைப்பாகத் திரண்டது அந்தக் கோபத்தில்தான். இன்று பல மாநிலங்களில் இருக்கும் 'ஏபேட்' என்ற பைக் உரிமை அமைப்புகளின் வேர் 1970களின் தொடக்கத்தில் இருக்கிறது. 1976ல் நாடாளுமன்றம் அந்த நிதி மிரட்டலைக் கைவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போனது. அதனால்தான் இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் மூன்றிலும் பெரியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. கலிபோர்னியாவில் 1992 முதல் எல்லோருக்கும் கட்டாயம்.

விசாவில் இருப்பவர் பேசலாமா?

பேசலாம். அரசிடம் குறையைச் சொல்லி மனுக் கொடுக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமானது அல்ல. எச்-1பி விசாவில் இருப்பவரும் தன் தொகுதி உறுப்பினரைப் பார்க்கலாம், குழுவின் முன் சாட்சியம் சொல்லலாம். கோடு விழுவது பணத்தில்தான். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், மத்திய, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் நன்கொடை கொடுக்கக் கூடாது. இது மத்தியச் சட்டம். வேட்பாளருக்கு இருபது டாலர் கொடுப்பதும் இதில் அடக்கம். பைக் அமைப்புகள் பல, தேர்தல் நிதிக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கும். உறுப்பினர் கட்டணம் கட்டும்போது அந்தக் கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது நல்லது.

சம்பளம் வாங்காமல் சொந்தக் கருத்தைச் சொல்லப் போகிறவர் பொதுவாக லாபியிஸ்ட்டாக, அதாவது சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவதைத் தொழிலாகச் செய்பவராக, பதிவு செய்ய வேண்டியதில்லை. அமைப்பின் சார்பில் அடிக்கடி போய்வரப் போகிறீர்கள், செலவுக்குப் பணமும் வாங்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அந்த வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் தளத்திலோ நெறிமுறை ஆணையத்தின் தளத்திலோ பார்த்துவிடுங்கள். இன்னொன்று, கையில் எதையும் கொண்டுபோகாதீர்கள். விஸ்கான்சினில் லாபியிஸ்ட் ஒருவர் உறுப்பினருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுப்பதே விதிமீறல்.

எதைக் கேட்பது?

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பத்துக் கோரிக்கைகளை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் ஒன்றுகூட நகராது. ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிப்பதாக இருக்க வேண்டும்.

ஹெல்மெட் விஷயத்தில் கைவைக்காமல் தொடங்குங்கள் என்பது என் கருத்து. நான் ஹெல்மெட் இல்லாமல் வண்டியைத் தொடாத ஆள். ஆனால் நான் இப்படிச் சொல்வதற்கு அது காரணமல்ல. ஹெல்மெட் என்று வாயெடுத்த உடனே மருத்துவர்கள், இன்சூரன்ஸ்காரர்கள், உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் வந்து நிற்பார்கள். அவர்கள் கையில் கனமான எண்கள் இருக்கின்றன. நெப்ராஸ்காவில் ஆண்டுக்கணக்கில் முயன்று தோற்ற பிறகு 2023ல்தான் ஹெல்மெட் கட்டாயத்தைத் தளர்த்தும் மசோதா நிறைவேறியது. அதிலும் 21 வயது, பயிற்சி வகுப்பு என்று நிபந்தனைகள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டப் புளோரிடாவில் 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும், மிச்சிகனில் 20,000 டாலர். பழுத்த அமைப்புகளே தட்டுத்தடுமாறும் இடம் அது.

தொடக்கத்துக்கு ஏற்றது சிக்னல் பிரச்சினை. சாலையில் பதித்த சென்சார் பைக்கை உணராவிட்டால், குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, எதிரே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சிவப்பில் கடக்க அனுமதி. எதிரிகள் குறைவு, அரசுக்குச் செலவும் அநேகமாக இல்லை. விஸ்கான்சினில் 45 விநாடி, இல்லினாயில் 120 விநாடி. இல்லினாய்ச் சட்டத்தில் இன்னொரு வரி உண்டு: 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு இது பொருந்தாது. அந்த மாநிலத்தில் அப்படி ஒரே நகரம்தான், சிகாகோ. ஊர்ப் பெயரைச் சொல்லாமலே ஊரை விலக்கிவிடுவது சட்டமன்றங்களின் பழைய வித்தை. இப்படிப்பட்ட விலக்கு கேட்டால் எந்த அளவுக்கு ஒத்துக்கொள்வீர்கள் என்பதை முன்பே உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த படி, நின்றுவிட்ட வாகனங்களுக்கு நடுவே மெதுவாக முன்னேறும் லேன் ஃபில்டரிங். இதற்கு இப்போது காட்ட முன்னுதாரணங்கள் இருக்கின்றன. யூட்டா 2019ல் எச்.பி. 149 என்ற மசோதா மூலம் அனுமதித்தது: வேக வரம்பு 45 மைலுக்கு மிகாத சாலை, ஒரே திசையில் குறைந்தது இரண்டு லேன், முன்னால் வண்டிகள் நின்றிருக்க வேண்டும், பைக்கின் வேகம் 15 மைலைத் தாண்டக் கூடாது. மொன்டானா 2021, அரிசோனா 2022, கொலராடோ 2024, மின்னசோட்டா 2025 என்று வரிசை நீண்டது. ஓடும் வண்டிகளுக்கு நடுவே போவதையும் சட்டத்தில் எழுதிய முதல் மாநிலம் கலிபோர்னியா, 2016ல்.

தனியாகப் போகாதீர்கள்

உங்கள் மாநில ஏபேட் கிளையையோ வேறு பைக் உரிமை அமைப்பையோ தேடி அதன் மாதக் கூட்டத்துக்குப் போங்கள். 1924 முதல் இயங்கும் அமெரிக்கன் மோட்டார்சைக்கிளிஸ்ட் அசோசியேஷனும் மாநில மசோதாக்களைக் கவனிக்கிறது. உள்ளே நுழைந்தால் நரைத்த தாடியும் தோல் ஜாக்கெட்டுமாக எல்லோரும் ஒருமாதிரி இருப்பார்கள், நமக்கு என்ன வேலை என்று தோன்றலாம். இரண்டாவது கூட்டத்தில் அது போய்விடும். அவர்களுக்கு உங்கள் தேவை அதிகம். பல தொகுதிகளில் அவர்களுக்கு ஆளே கிடையாது. புறநகர்த் தொகுதியில் குடியிருக்கும், வேலைக்குப் பைக்கில் போகும் ஒரு பொறியாளர் வந்து பேசுகிறார் என்றால், "இதுவரை கேட்காத குரல்" என்று உறுப்பினர் நிமிர்ந்து உட்காருவார்.

நாட்காட்டி

பல மாநிலச் சட்டமன்றங்கள் ஆண்டு முழுவதும் கூடுவதில்லை. டெக்சாஸ் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியில் தொடங்கி 140 நாள். மொன்டானா இரண்டாண்டுக்கு ஒருமுறை 90 நாள். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு யோசனையோடு போனால் அடுத்த தொடரில் பார்க்கலாம் என்பார்கள். டெக்சாஸில் அதற்கு இரண்டு ஆண்டு. எனவே கோடைக்காலத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். உறுப்பினர்கள் ஊரில் இருப்பார்கள், நேரமும் இருக்கும். இலையுதிர் காலத்தில் மசோதா எழுதி முடிந்திருந்தால் நல்லது.

நியூ ஹாம்ப்ஷயர் இதில் தனி உலகம். கீழவையில் மட்டும் 400 பேர், சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர், எல்லா மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு. உங்கள் உறுப்பினர் தெருக்கோடியில் இருப்பவராகவே இருக்கலாம். நெப்ராஸ்காவில் ஒரே அவைதான், 49 பேர். பாதி ஓட்டம் மிச்சம். மற்ற 49 மாநிலங்களிலும் இரண்டு அவைகளைக் கடக்க வேண்டும்.

உறுப்பினரைச் சந்திப்பது

உங்களுக்கு மாநில அளவில் ஒரு செனட்டர், கீழவையில் ஒருவரோ சிலரோ இருப்பார்கள். சட்டமன்றத் தளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் பெயர் வந்துவிடும். அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது முதல் வரியிலேயே தொகுதியில் குடியிருப்பவர் என்று எழுதுங்கள், முகவரியைப் போடுங்கள். அது இல்லாத கடிதங்கள் பல அலுவலகங்களில் அப்படியே ஒதுங்கிவிடும்.

பெரும்பாலும் உங்களைச் சந்திப்பது உதவியாளராக இருக்கும், வயது இருபத்தைந்துக்குள். உறுப்பினர் வரவில்லையே என்று முகம் சுளிக்காதீர்கள். மசோதாவைப் படித்து உறுப்பினருக்குச் சுருக்கிச் சொல்லப் போவது அந்தப் பிள்ளைதான். பேச்சைப் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள்: நான் யார், எங்கே ஓட்டுகிறேன், என்ன நடக்கிறது, என்ன வேண்டும். கடைசியில் நேராகக் கேளுங்கள்: "இந்த மசோதாவை உறுப்பினர் ஆதரிப்பாரா?" புதியவர்கள் அநேகமாக எல்லோரும் விட்டுவிடும் கேள்வி இது. நன்றாகப் பேசினோம் என்ற திருப்தியோடு வெளியே வந்துவிடுவார்கள், பதில் கையில் இருக்காது.

கையில் ஒரே ஒரு பக்கம் கொடுத்துவிட்டு வாருங்கள். மேலே கோரிக்கை. நடுவில் தொகுதியில் இருக்கும் இரண்டு சாலைச் சந்திப்புகளின் பெயரும் அங்கே நடப்பதும். கீழே எந்தெந்த மாநிலத்தில் இந்தச் சட்டம் இருக்கிறது என்ற பட்டியல். உங்கள் தொலைபேசி எண். அவ்வளவுதான். அன்று இரவே நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல்.

உடை பற்றிப் பெரிய சண்டையே நடக்கும். கிளப் பேட்ச் ஒட்டிய ஜாக்கெட்டோடு போவது உங்கள் உரிமை. பைக் ஓட்டுவதையும் அது சார்ந்த உடை அணிவதையும் காரணம் காட்டிப் போலீஸ் நிறுத்தக் கூடாது என்று வாஷிங்டன் மாநிலம் 2011லேயே சட்டம் போட்டிருக்கிறது. இருந்தாலும் முதல் சந்திப்புக்குச் சாதாரணச் சட்டையில் போகச் சொல்வேன். ஹெல்மெட் கையில் இருக்கட்டும். பேச்சைத் தொடங்கிவைக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. இடுப்பில் மடக்குக் கத்தி செருகும் பழக்கம் இருந்தால் வண்டியிலேயே விட்டுவிடுங்கள், கட்டட வாசலில் ஸ்கேனர் இருக்கலாம்.

மசோதாவை யார் கொண்டுவருவது?

உறுப்பினர் ஒருவர் அதைத் தன் பெயரில் தாக்கல் செய்ய வேண்டும். பைக் ஓட்டும் உறுப்பினர் கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அதைவிட முக்கியம் அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது. போக்குவரத்துக் குழுவில் இருப்பவர், அதிலும் ஆளும் பெரும்பான்மைக் கட்சிக்காரர் என்றால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. குழுத் தலைவர் விரும்பாவிட்டால் பல மாநிலங்களில் மசோதா விசாரணைக்கே வராமல் அங்கேயே படுத்துவிடும். இணைந்து கையெழுத்திட எதிர்க்கட்சியிலிருந்தும் ஒருவரைப் பிடியுங்கள். பைக் விஷயங்களில் கட்சிக் கோடு அவ்வளவு அழுத்தமாக விழுவதில்லை.

சொற்களை நீங்களே எழுதித் தர முயலாதீர்கள். சட்டமன்றத்தில் அதற்கென்று வரைவாளர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாநிலச் சட்டத்தை அச்சிட்டு, இது மாதிரி வேண்டும் என்று கொடுப்பது போதும். செலவு மதிப்பீட்டுக் குறிப்பு ஒன்று மசோதாவோடு வரும். அதில் செலவு இல்லை என்று வருவது உங்களுக்குப் பெரிய பலம்.

குழு விசாரணை

விசாரணைத் தேதி சில நேரம் இரண்டு மூன்று நாளுக்கு முன்புதான் தெரியும். மசோதா எண்ணைச் சட்டமன்றத் தளத்தில் பதிந்து வைத்தால் அறிவிப்பு வரும். பல மாநிலங்களில் ஆன்லைனில் பேசலாம். வாஷிங்டன் மாநிலத்தில் பேசாமலே ஆதரவு, எதிர்ப்பு என்று பெயரைப் பதிவு செய்யவும் முடியும். நண்பர்களைக் கொண்டு அதைச் செய்ய வைப்பது நீங்கள் செய்யக்கூடிய மிக எளிய வேலை.

பேசக் கிடைப்பது இரண்டு நிமிடம், கூட்டம் அதிகமானால் ஒன்று. இப்படி இருந்தால் போதும்:

"தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, என் பெயர் இன்னது, இன்ன ஊரில் குடியிருக்கிறேன், மசோதாவை ஆதரிக்கிறேன். வேலை முடிந்து இரவு பதினொன்றரைக்குப் பைக்கில் வீடு திரும்புவேன். இன்ன சந்திப்பில் இடதுபுறம் திரும்பும் சிக்னல் எனக்கு மாறுவதில்லை. பின்னால் ஒரு கார் வரும்வரை நிற்க வேண்டும், அல்லது வலப்பக்கம் திரும்பி ஒரு மைல் சுற்ற வேண்டும். இருட்டில் நடுச் சாலையில் நிற்கும்போது பின்னால் வரும் கார் என்னைப் பார்க்குமா என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த மசோதா எனக்கு ஒரு பாதுகாப்பான வழி தருகிறது. ஆதரித்து வாக்களியுங்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயார்."

இதில் சுதந்திரம், உரிமை, அரசியலமைப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பேச்சை அமைப்பின் மூத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்களிடம் மட்டுமே இருப்பது அந்தச் சந்திப்பு. முன்னால் பேசியவர் அதையே சொல்லிவிட்டால் "அவர் சொன்னதை ஆமோதிக்கிறேன்" என்று இரண்டு வரியில் முடியுங்கள், தலைவருக்கு உங்களைப் பிடித்துப்போகும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரிந்து போங்கள். 2023ல் நாடு முழுவதும் 6,335 மோட்டார் சைக்கிள்காரர்கள் இறந்தார்கள், சாலை மரணங்களில் அது 15 சதவீதம். இந்த எண் எப்படியும் வரும். மறுக்க வேண்டாம், அது உண்மை. லேன் ஃபில்டரிங் என்றால் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2015ல் வெளியிட்ட ஆய்வைக் கையில் வையுங்கள். மோதலில் சிக்கிய ஏறத்தாழ 6,000 பைக் ஓட்டுநர்களைப் பார்த்ததில், லேன்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தவர்களில் தலைக்காயம் 9 சதவீதம், மற்றவர்களில் 17 சதவீதம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: சுற்றியுள்ள வண்டிகளைவிட 15 மைலுக்கு மேல் வேகமாகப் போனால் காயம் கூடுகிறது. இதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு எடுத்து வீசுவதற்கு முன் நீங்கள் சொன்னால், மசோதாவில் 15 மைல் வரம்பு ஏன் இருக்கிறது என்பதற்கு அதுவே விளக்கமாகிவிடும்.

சைலன்ஸர் சத்தம் பற்றியும் யாராவது ஒருவர் கேட்பார். மசோதாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, ஆனால் முந்தின இரவு அவர் தூக்கம் கெட்டிருக்கும். விசாரணை நாளில் கட்டடத்துக்கு வெளியே ஆக்ஸிலரேட்டரை முறுக்கி அதிரவைக்கும் நண்பரை முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள்.

கையெழுத்து, அதற்கு அப்புறம்

இரண்டு அவையும் கடந்தாலும் ஆளுநர் கையெழுத்து வேண்டும். ஓரிகானில் 2021ல் லேன் ஃபில்டரிங் மசோதா எஸ்.பி. 574 இரண்டு அவையிலும் நிறைவேறி, ஆளுநர் கேட் பிரவுன் பாதுகாப்புக் கவலையைச் சொல்லி ரத்து செய்தார். ஆளுநர் அலுவலகத்தில் போக்குவரத்தைக் கவனிக்கும் ஆலோசகர் ஒருவர் இருப்பார். மசோதா இரண்டாம் அவையில் இருக்கும்போதே அவரைப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

பட்ஜெட்டிலும் ஒரு கண் வையுங்கள். பல மாநிலங்களில் பைக் பதிவுக் கட்டணத்தின் ஒரு பகுதி பயிற்சி வகுப்புகளுக்கென்று தனி நிதியில் சேரும். இல்லினாயில் அந்த நிதியைப் பொது கஜானாவுக்கு மாற்றியபோது ஏபேட் வழக்குப் போட்டது. அது பொதுப்பணம், சட்டமன்றம் மாற்றலாம் என்று 2011ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அந்தப் பணத்தைக் காப்பாற்ற நீதிமன்றத்தை நம்ப முடியாது, பட்ஜெட் குழுவிலேயே பிடிக்க வேண்டும்.

சட்டம் அமலுக்கு வரும் தேதிக்கு முன் டிரைவிங் கையேட்டில் அது ஏறியதா, உள்ளூர்ப் போலீஸுக்குச் சுற்றறிக்கை போனதா என்று கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் முதல் மாதம் சட்டப்படி போனவர்களுக்கும் டிக்கெட் விழும். வாக்களித்த உறுப்பினர்களுக்கு நன்றிக் கடிதம் போகட்டும். எதிர்த்தவர்களுக்கும் ஒரு வரி எழுதலாம், அடுத்த மசோதாவுக்கு அவர்களும் வேண்டும்.

சில சட்டங்கள் காலாவதித் தேதியோடு வரும். கொலராடோவின் லேன் ஃபில்டரிங் அனுமதி 2027 செப்டம்பர் 1 வரை மட்டுமே. அதற்குள் போக்குவரத்துத் துறை பாதுகாப்பு விளைவுகளை அறிக்கையாகத் தர வேண்டும். அந்த அறிக்கை வரும்போது உங்கள் தரப்பிலும் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். உரசல், டிக்கெட், காரோட்டி வேண்டுமென்றே வழியை அடைத்த சம்பவம் என்று நடப்பதையெல்லாம் தேதி, சாலை, நேரத்தோடு உங்கள் அமைப்பின் உறுப்பினர்களிடமிருந்து வாங்கி, சட்டம் அமலான முதல் நாளிலிருந்தே ஒரு விரிதாளில் ஏற்றிவாருங்கள்.